அன்புச்செல்வி போட்ட எட்டு

என் மருமகள் அன்புச்செல்விக்கு வண்டி ஓட்ட வராது என்று நாலு வருஷமாக எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கிளப்பியது வேறு யாருமில்லை, நான்தான். கன்னியம்மாள் என்று கேட்டால் ஆரணியில் எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர, பேசத் தெரியாது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கிளப்பினவளே இறக்கியும் வைக்க வேண்டும் அல்லவா? அதனால் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல லாவண்யா எழுதுகிறாள். அவள் என் பேத்தி, அன்புச்செல்வி பெற்ற பெண். எதையும் விட்டுவிட்டு எழுதக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

அன்புச்செல்வி தேவிகாபுரத்துப் பெண். அவள் அப்பாவும் பட்டு நெய்கிறவர்தான். பெண் பார்க்கப் போன அன்று அவள் அம்மா கேசரியை வைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னாள்: "எங்க பொண்ணு பன்னெண்டாவது பாஸுங்க. அவங்கப்பா சைக்கிள எடுத்துகினு குறுக்குக் கம்பிக்குள்ள கால வுட்டு ஓட்டும். அவ்ளோ தைரியம்."

நான் சும்மா இருக்கவில்லை. "எங்க வூட்ல சைக்கிள் ஓட்ற வேலை எதுவும் இல்லீங்க. தறியில ஒக்காரத் தெரியுமா?" என்றேன்.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. "தெரியும் அத்தே" என்றது. கல்யாணம் பேசி முடிப்பதற்கு முன்பே அத்தை என்று கூப்பிட்டுவிட்டதே என்று எனக்குப் பிடித்துப்போனது. என் மகன் பாலமுருகனுக்கு அவளையே முடித்தேன். அவன் சாயப் பட்டறையில் வேலை செய்கிறான். தறி அவனுக்கு வரவில்லை. அதனால் வீட்டில் இருந்த ஒற்றைத் தறிக்கு நானும் அவளும்தான்.

கோர்வைப் புடவை நெய்யத் தனியாள் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா; ஊடு நூலை வைத்து எறிகிற கட்டையைத்தான் நாடா என்போம். தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தவர் காலால் மிதியை அழுத்தி இழையைப் பிரித்து உடல் நாடாவை எறிவார். பக்கத்தில் உட்கார்ந்தவர் கரை நாடாவைக் கோர்த்து வாங்குவார். எனக்கு முட்டி போன பிறகு குழியில் இறங்க முடியவில்லை. அவள் குழியில் இறங்கினாள், நான் கரைக்கு வந்தேன். கரை நாடா என் கைக்கு வந்து சேர்ந்ததும் நான் "காலு" என்பேன். அவள் கால் மாறும். "காலு." மாறும். "காலு." மாறும். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் முறை என்று யார் எண்ணினார்கள்? பேசிக்கொண்டே இருப்போம், சண்டையும் போடுவோம், நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் மூச்சு மாதிரி வந்துகொண்டே இருக்கும். அவள் காதில் ஏறுவதற்கு முன்பே காலில் ஏறிவிடும். பதினேழு வருஷம் இப்படித்தான் ஓடியது.

எங்களுக்குப் பாவும் பட்டும் கொடுத்துப் புடவையாக வாங்கிக்கொள்கிறவர் பலராமன் முதலாளி. ஆரணியில் மட்டுமல்ல, தேவிகாபுரம், பெரணமல்லூர் பக்கத்து ஊர்களிலும் அவருக்குத் தறி உண்டு. ஊர் ஊராகப் போய்த் தறியைப் பார்த்து, எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே கரை தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, பட்டும் ஜரிகையும் கொடுத்துவிட்டு வர ஓர் ஆள் வைத்திருந்தார். அந்த ஆள் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிப் போலீஸிடம் மாட்டிக்கொண்டான். வண்டியோடு ஜரிகைப் பெட்டியும் ஸ்டேஷனில் மூன்று நாள் கிடந்தது. முதலாளிக்கு ஒரே பேஜார்.

ஒரு நாள் புடவை வாங்க வந்தவர் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார். "கன்னிம்மா, இந்த வாட்டி பொம்பள ஆளா பாக்குறேன். இப்பல்லாம் வூட்டு வூட்டுக்குப் பொம்பளைங்கதான் தறியில இருக்காங்க. ஆம்பள போய் நின்னா சரியா பேசறதில்ல. தறியும் தெரியணும், வண்டியும் ஓட்டணும். லைசென்ஸ் இல்லாத ஆளு எனக்கு வேணாம்."

குழியில் இருந்தபடியே அன்புச்செல்வி கேட்டாள். "மொதலாளி, நான் லைசென்ஸ் எடுத்தா எனக்குக் குடுப்பீங்களா?"

நாடா என் கையிலேயே நின்றுவிட்டது. அவர் சிரித்தார். "உன் கண்ணு எனக்குத் தெரியாதா? பத்தடி தூரத்துல நின்னு அறுந்த இழைய சொல்ற ஆளாச்சே நீ. ஆடி முடியறதுக்குள்ள லைசென்ஸோட வா. ஆவணியில கல்யாண ஆர்டர் வந்துடும், அதுக்கு மேல தாங்காது."

அவர் போன பிறகு கேட்டேன்: "இன்னாடி இது, குழிக்குள்ள ஒக்காந்துகினு குண்டு போடுற?"

"அத்தே, எனக்கு முப்பத்தேழு வயசாவுது. காலையில குழியில எறங்கினா சாயந்திரம் ஏறுறேன். எங்க அம்மா வூட்டுக்குப் போற பஸ் ரூட்டைத் தவிர எனக்கு எந்த ரோடும் தெரியாது. இந்த ஒண்ணு மட்டும் கேக்குறேன்."

இருபது வருஷத்துக்குப் பக்கமாக என்னிடம் ஒன்றும் கேட்காதவள் கேட்டால், எப்படி இல்லை என்பது? சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் முதலிலிருந்தே குறுக்கே நின்றவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முதலில் எல்.எல்.ஆர். என்று ஒரு சீட்டு வாங்க வேண்டும், அப்போதுதான் ஓட்டிக் கற்றுக்கொள்ள விடுவார்கள். அதற்குக் கம்ப்யூட்டரில் கேள்வி கேட்பார்களாம். சாலையில் நட்டிருக்கும் பலகைப் படங்களைக் காட்டி இது என்ன, அது என்ன என்று. லாவண்யாவின் போனில் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு தறியிலேயே படித்தோம். எழுத்துத் தெரியாதவளுக்குப் படம் சீக்கிரம் ஏறும். அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்.

"இது குறுகின பாலம்."

"இல்ல அத்தே, குறுகின ரோடு. பாலத்துக்கு வேற."

"ரெண்டும் ஒண்ணுதான் போ. குறுகலா இருந்தா மெதுவா போவணும், அவ்ளோதான்."

"அங்க போய் இப்படிச் சொன்னா பெயிலு பண்ணி அனுப்பிடுவான்."

பாஸ் செய்துவிட்டு வந்தாள். தெருவில் எல்லாருக்கும் நான்தான் சர்க்கரை கொடுத்தேன்.

வண்டி சொல்லிக் கொடுத்தது டிரைவிங் ஸ்கூல் ஜெயவேல். பாலமுருகனின் பழைய கியர் வண்டியிலேயே கற்றுக்கொண்டாள். அதில் எடுத்தால் எல்லா பைக்குக்கும் ஆகும் என்று ஜெயவேல் சொன்னான். புடவையோடு கியர் வண்டியில் உட்கார முடியாது. லாவண்யாவின் சுடிதாரைப் பிரித்துத் தையல் விட்டுப் போட்டுக்கொண்டாள். "மாமியாளும் மருமவளும் சேந்து வூட்டைத் தலகீழா மாத்திகினு இருக்காங்க" என்று எதிர்வீட்டுக் குணசுந்தரி சொன்னாள். "உன் வூட்டை மாத்தல இல்ல, போ" என்றேன்.

ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் களம் சாயங்காலத்தில் ஒரு மூலை காலியாக இருக்கும். அங்கே ஜெயவேல் உமியைக் கொட்டி எட்டு வரைந்து வைத்தான். பைக் லைசென்ஸ் என்றால் எட்டுத்தான். அந்த எட்டின் மேலேயே வண்டி சுற்றி வர வேண்டும், கால் தரையில் படக் கூடாது. பட்டால் போச்சு. அன்புச்செல்விக்கு நேராகப் போவது வந்துவிட்டது. வளைவில் மட்டும் முடியவில்லை. கீழே உமியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவாள், வண்டி சாயும், காலை வைத்துவிடுவாள்.

ஒரு நாள் நானும் போய்ப் பார்த்தேன். மிச்சப் பட்டு நூல் சிக்காமல் இருக்கக் கட்டை விரலிலும் சுண்டு விரலிலும் மாற்றி மாற்றிச் சுற்றி வைப்போம், எட்டுப் போலவே விழும். அதைச் செய்யும்போது யாராவது விரலைப் பார்ப்போமா? அடுத்து நூல் எங்கே போக வேண்டுமோ அங்கேதானே கண் இருக்கும்.

"அடியே, உமிய பாக்காத. நூலு சுத்தறப்ப விரலையா பாக்குற? அடுத்த வளைவைப் பாரு."

ஜெயவேல் கையெடுத்துக் கும்பிட்டான். "ஆயா, இதைத்தான் நான் பத்து நாளா சொல்லிகினு இருக்கேன். நீங்க என் ஸ்கூலுக்கு வந்துடுங்க."

அன்றைக்கே மூன்று சுற்றுக் கால் வைக்காமல் வந்தாள். இறங்கி ஓடி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள், வயசுப் பிள்ளை மாதிரி. அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் வீட்டில் தறி படுத்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே அவள் எழுந்து போய்விடுகிறாள். பதினைந்து நாளில் இறங்க வேண்டிய புடவை இருபது நாளாகியும் இறங்கவில்லை. அவள் போன பிறகு காலிக் குழியைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் கரை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவளுக்கு வேலை கிடைத்துவிட்டால் தினமும் இப்படித்தானே என்று அப்போது தோன்றியது. என் பக்கத்தில் குழியில் யார் உட்காருவார்கள்? வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று பாலமுருகன் சொன்னான். இன்னொருத்தி காலுக்கு நான் எப்படிச் சொல்வது? இந்த நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை கரைந்திருக்கும்.

டெஸ்ட் நாள் ஆடி மாசக் கடைசியில் விழுந்தது. நீ வர வேண்டாம் என்று பாலமுருகன் சொன்னான். நான் கேட்கிற ஆளா? எலுமிச்சம்பழம், தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஆட்டோவில் ஏறிவிட்டேன். ஜெயவேல் வண்டியோடு முன்னாலேயே வந்திருந்தான். மைதானத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லாம் ஆண்பிள்ளைகள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பெயரைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், அதட்டவில்லை. இரண்டு பையன்கள் காலை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள்.

"அன்புச்செல்வி."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வண்டியை எடுத்தாள். முதல் வளைவு, பட்டு நூலை நீவினாற்போல வந்தது. கண் அடுத்த வளைவில்தான் இருந்தது. நடுவில் குறுக்கே வந்து இரண்டாவது வளைவுக்குள் நுழைந்தாள். அப்போது காற்று அடித்தது. இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த துப்பட்டாவின் ஒரு முனை அவிழ்ந்து பின்சக்கரத்துப் பக்கம் பறந்தது. வண்டி லேசாகச் சாய்ந்தது. வளைவில் வண்டி சாயத்தான் செய்யும், அது இப்போது எனக்குத் தெரியும்.

நான் கத்தினேன். "காலு!"

அவ்வளவுதான். அவள் இடது கால் தரைக்கு வந்தது. பயந்தவள் கால் உதறிக்கொண்டு விழும், இது அப்படி விழவில்லை. தறியில் எப்படி மாறுமோ அப்படி, அமைதியாக, சரியாக, சொன்ன கணத்தில் இறங்கியது. வண்டி நின்றது. துப்பட்டா சக்கரத்தைத் தொடக்கூட இல்லை.

"கால் ஊனிட்டீங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லாத்தான் ஓட்டுனீங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி வாங்க."

நான் அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "காத்து அடிச்சா அவ இன்னா பண்ணுவா? கொஞ்சூண்டு தொட்டதுக்கா பெயிலு? உங்க வூட்டுப் பொம்பளையா இருந்தா இப்படிச் செய்வீங்களா?" என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அன்புச்செல்வி வந்து என் கையைப் பிடித்து, "வாங்க அத்தே, போலாம்" என்றாள். அப்போது ஒரு முறை என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்வையை ஜெயவேல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாலமுருகன் கேட்டான்: "இன்னா ஆச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன். "இன்னா ஆவும்? நடுவுல பயந்துட்டா. கால வச்சிட்டா."

லாவண்யா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது, இதே கதவுக்குப் பக்கத்தில் நின்று அவளும் இதைக் கேட்டாள், நம்பினாள். எழுதடி என்றேன். எழுதுகிறாள்.

ஒரு பொய் சொன்னால் அதை நிற்க வைக்க முட்டுக் கொடுக்க வேண்டும். குணசுந்தரி கேட்டாள், அவளிடமும் அதையே சொன்னேன். ரேஷன் கடையில் கேட்டார்கள், அங்கேயும் சொன்னேன். "தறியில இருக்குற தைரியம் ரோட்ல இல்ல பாவம்" என்று மேலே கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். அன்புச்செல்வி ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. அவளே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நம் குரலை அவள் கவனிக்கவில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பலராமன் முதலாளி வந்தார். அன்புச்செல்வி கடைக்குப் போயிருந்தாள். வாசலில் நின்று கேட்டார்: "கன்னிம்மா, உன் மருமவ பெயிலாயிட்டாள்னு கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் மறுபடி வைக்கிறாங்களாமே? அதுக்குள்ள ஆவணி பொறந்துடும். ஆனா ஒரு வாரம் பத்து நாளு நான் சமாளிச்சுக்குவேன். நீ சொல்லு, வேற ஆள வைக்காம அதுவரைக்கும் நிக்கட்டுமா?"

அந்த மனுஷன் நிற்கிறேன் என்றார். நான் ஒரு சொல் சொன்னால் போதும். பின்னால் திரும்பிப் பார்த்தேன். தறியில் பாதிப் புடவை, காலிக் குழி.

"வேணாம் மொதலாளி. அவளுக்கு வராது. வேற ஆள பாத்துக்குங்க" என்றேன்.

மைதானத்தில் கத்தினேனே, அது பயத்தில் வந்தது என்று எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். வாசலில் சொன்னதற்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்த வேலைக்கு வீரபாகு மகள் திலகவதி வந்தாள். ஸ்கூட்டர் வைத்திருந்தாள், லைசென்ஸும் இருந்தது. நல்ல பெண். வாரத்துக்கு ஒரு தரம் எங்கள் தறியைப் பார்க்கவும் அவள்தான் வருவாள். எங்கள் வாசலிலேயே வண்டியை நிறுத்துவாள். அன்புச்செல்வி குழியிலிருந்து ஏறிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

"அக்கா, கரை சரியா இருக்கா, கொஞ்சம் பாருங்க. எனக்கு இதுல அவ்ளோ தெரியல" என்று திலகவதியே சொல்வாள்.

அன்புச்செல்வி பார்த்துச் சொல்வாள். "இங்க மட்டும் ஒரு இழை தளர்ந்திருக்கு பாரு. பெரணமல்லூர்ல அந்த மூணாவது தறியிலயும் இப்படித்தான் இருக்குன்னு போன வாரம் சொன்னியே? அச்சுல பல்லு தேஞ்சிருக்கும். மாத்தச் சொல்லு." போகாத ஊரின் தறியை எல்லாம் இங்கே குழியில் உட்கார்ந்தே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திலகவதி எழுதிக்கொண்டு போவாள். வண்டிச் சத்தம் தெரு முனை திரும்பும் வரை அன்புச்செல்வி வாசலில் நிற்பாள். பிறகு வந்து குழியில் இறங்குவாள். நான் "காலு" என்பேன். இப்படி நாலு வருஷம். வாரத்துக்கு ஒரு தரம் என்றால் எத்தனை தரம் அவள் அந்த வாசலில் நின்றிருப்பாள்? நானும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தத் தை மாசம் தபால்காரர் ஒரு கவர் கொண்டுவந்தார். "அன்புச்செல்வி இருக்காங்களா?" என்றார். அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் கட்டை விரலை வைத்து வாங்கினேன். கவருக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அடுத்தவர் கவரைப் பிரிக்கக் கூடாதுதான், பிரித்தேன். உள்ளே ஒரு கார்டு. எழுத்து எனக்கு எதற்கு? மூலையில் அவள் போட்டோ இருந்தது. பாலமுருகனிடம் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

குடத்தோடு வந்தவளிடம் நீட்டினேன். "இன்னாடி இது?"

குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "வந்துடுச்சா? இன்னும் ஒரு வாரம் ஆவும்னு சொன்னாங்க."

"எப்பப் போய் எட்டு போட்ட?"

"போன மாசம். எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு நாள் போனேன் இல்ல, அன்னிக்கு."

"யாருகூட போன?"

"யாருகூடவும் இல்ல. எல்.எல்.ஆர். புதுசா எடுத்துகினு, ஜெயவேல்கிட்ட வண்டிய வாங்கிகினு தனியாத்தான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் அப்படித்தான். "பொய் சொல்லிட்டா போன? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன் இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். மைதானத்தில் பார்த்த அதே பார்வை.

"அதனாலதான் அத்தே சொல்லல. நீங்க அங்க இருந்தா என் காலு உங்க பேச்சைத்தான் கேக்கும்."

நான் அப்படியே தறிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே கேட்டேன். "அப்ப அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"கால வச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏண்டி இத்தனை வருஷம் ஒரு வார்த்தையும் சொல்லல? ஊரே உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லுச்சே."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதிருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன். சமையல் உப்பைப் பற்றிச் சொல்கிறாற்போல அதைச் சொல்லிவிட்டுக் குடத்துத் தண்ணீரை அண்டாவில் ஊற்றப் போனாள்.

பலராமன் முதலாளி வாசலில் வந்து கேட்டதும் நான் சொன்னதும் அவளுக்குத் தெரியாது. அதை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இவள் இன்னும் நாலு வருஷம் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அவர் நிற்கிறேன் என்று சொன்னது, நான் வேண்டாம் என்றது, காலிக் குழியைப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

குடம் கவிழ்ந்தபடியே அவள் கையில் இருந்தது. தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது.

"இது தெரியாது" என்றாள். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்குப் போட்டாள்.

மறுநாள் காலையில் நான் பலராமன் கடைக்குப் போனேன். முட்டி வலியோடு நடந்தே போனேன். ஆட்டோவில் போக எனக்கு மனசு வரவில்லை. "மொதலாளி, என் மருமவ லைசென்ஸ் வாங்கிட்டா. அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. அவளுக்கு நல்லா வரும். அந்த வேலைய அவளுக்குக் குடுங்க" என்று கேட்டேன்.

அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். "கன்னிம்மா, நாலு வருஷம் கழிச்சு வந்து கேக்குற. திலகவதி ஒயுங்காத்தான் பாக்குது. அதுவும் ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கு. அதை இன்னா சொல்லி நிறுத்தச் சொல்ற?"

அவர் சொன்னது நியாயம். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வேறு இடம் வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். இதுவரை ஆள் அனுப்பவில்லை. வாரம் தவறாமல் நான் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தாலே இப்போது உள்ளே போய்விடுகிறார். போகட்டும், மறுபடியும் போவேன்.

குணசுந்தரியிடம் சொன்னேன். ரேஷன் கடையில் சொன்னேன். "கால வச்சது அவ இல்ல, நான்" என்றால் யாருக்கும் புரிவதில்லை. கிழவிக்கு மருமகள் மேல் பாசம், அதான் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்கிறார்கள். பொய்யை ஒரே நாளில் நம்பினவர்கள் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று லாவண்யாவைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்புச்செல்வி பாலமுருகனின் வண்டியை எடுத்துக்கொண்டு தேவிகாபுரத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஏறுங்க அத்தே என்று அவள் கூப்பிட்டதில்லை. வருகிறேன் என்று நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

தறி மட்டும் நடக்கிறது. முதல் தடவை பலராமன் கடைக்குப் போய் வந்த மறுநாள் அவள் வழக்கம்போலக் குழியில் இறங்கினாள். நான் கரைக்கு வந்து உட்கார்ந்தேன். அவள் நாடாவை எறிந்தாள், நான் கரையைக் கோர்த்து வாங்கினேன். வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. அவள் காத்திருப்பாளே, நாடா நிற்குமே, கரை கெடுமே என்று குழியை எட்டிப் பார்த்தேன்.

கீழே மிதி அழுந்தும் சத்தம் கேட்டது. அவள் கால் தானாக மாறியது. அடுத்த நாடா வந்தது, வாங்கினேன், மறுபடி மாறியது. ஒரு இழை தப்பவில்லை. அன்றைக்கு முழுக்க நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை, அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் புடவை எனக்குத் தெரிந்து நாங்கள் நெய்ததிலேயே நல்ல புடவை. திலகவதி வந்து கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்படி யாரு சொல்லிக் குடுத்தது அக்கா?" என்று கேட்டாள்.

அன்புச்செல்வி சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனாள். நான் கரை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.